வோட்காவுக்குச் சுவை இல்லை என்பதைப் போலந்து ஏன் ஏற்பதில்லை

திராட்சையில் வடித்த மதுவை வோட்கா என்று விற்கலாமா? 2007 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தக் கேள்விக்காக வாக்கெடுப்பு நடத்தியது. அதற்கு முன் பல மாதங்கள் நீண்ட சண்டைக்கு ஐரோப்பியப் பத்திரிகைகள் ‘வோட்கா போர்’ என்றே பெயர் வைத்திருந்தன. ஒரு பக்கம் போலந்து, பின்லாந்து, சுவீடன், பால்டிக் நாடுகள். தானியம், உருளைக்கிழங்கு போன்ற மரபான பொருட்களிலிருந்து வடித்தது மட்டுமே அந்தப் பெயருக்கு உரியது என்பது அவர்கள் வாதம். விஸ்கி என்றால் தானியம், ரம் என்றால் கரும்பு என்று சட்டம் சொல்லும்போது, வோட்காவை மட்டும் எதிலிருந்து வேண்டுமானாலும் வடிக்கலாம் என்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கத்தின் முன்னணியில் பிரிட்டன் இருந்தது. வோட்கா என்பது தூய்மையாக்கப்பட்ட ஆல்கஹாலும் தண்ணீரும்தான், மூலப்பொருள் எதுவானால் என்ன என்பது அவர்களுடைய பதில்.

ஜெர்மானிய உறுப்பினர் ஹார்ஸ்ட் ஷ்னெல்ஹார்ட் முன்வைத்த சமரசமே வென்றது. தானியமோ உருளைக்கிழங்கோ அல்லாத பொருளிலிருந்து வடித்தால், அது எதிலிருந்து வடிக்கப்பட்டது என்று லேபிளில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் வோட்கா என்றே விற்கலாம். 2008இல் இது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியானது. பிரான்சில் திராட்சையிலிருந்து வடிக்கப்படும் ‘சிராக்’ இன்றும் வோட்காதான். போலந்து தோற்றது.

இதை வெறும் வணிகச் சண்டையாகப் பார்த்தால் பாதிதான் புரியும். வோட்கா என்றால் என்ன என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு தரப்புக்கு அது எல்லாச் சுவையும் நீக்கப்பட்ட ஒன்று. மறு தரப்புக்கு அது ஒரு நிலத்தில் விளைந்த தானியத்தின் சாறு. போலந்து இரண்டாவது தரப்பில் நிற்கிறது. அது நிற்கும் இடம் சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் போலந்துக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் சரியானதல்ல.

அவர்கள் வழக்கமாகச் சொல்வது, ‘நாங்கள்தான் முதலில் வடித்தோம்’ என்பது. ‘வூட்கா’ என்பது போலிஷ் மொழியில் தண்ணீரைக் குறிக்கும் ‘வோடா’ என்ற சொல்லின் செல்லக் குறுக்கம். ‘சின்னத் தண்ணீர்’ என்று சொல்லலாம். மதுவைத் தண்ணீர் என்று சொல்லும் வழக்கத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தச் சொல் 1405ஆம் ஆண்டுச் சாண்டோமியெஷ் நகர நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது என்பது அவர்களின் பெருமை. சொல் இருப்பது உண்மை. இன்றைய பொருளில் இல்லை என்பதும் உண்மை. 1534இல் கிராகோவில் வெளியான தன் மூலிகை நூலில் ஸ்டெபான் ஃபாலிமிஷ் ‘வூட்கா’ என்று எழுதும்போதும், அவர் சொல்வது மூலிகைகளை வடித்தெடுத்த மருந்துகளைத்தான்.

குடிக்கிற சரக்குக்கு அன்று வேறு பெயர் இருந்தது: ‘கொஜாவ்கா’. எரிதல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். உக்ரைனில் இன்றும் ‘ஹொரில்கா’ என்கிறார்கள், அதே வேர். சுவீடனில் ‘பிரென்வின்’, அதாவது எரித்த மது. தமிழில் நாம் ‘எரிசாராயம்’ என்கிறோம். வெவ்வேறு மொழிகள் ஒரே பொருளைப் பார்த்து ஒரே உவமையை எட்டியிருக்கின்றன. தூய ஸ்பிரிட்டுக்குப் போலந்தில் இன்னொரு பழம்பெயரும் உண்டு, ‘ஒகோவிட்டா’. உயிர்நீர் என்ற பொருளுடைய லத்தீன் தொடர் போலிஷ் நாக்கில் சுருண்டு இப்படி ஆனது.

ரஷ்யத் தரப்பிலும் இதே மாதிரிக் கதைகள் உண்டு. 1430 வாக்கில் மாஸ்கோவின் சூடோவ் மடத்துத் துறவி ஒருவர் முதல் வோட்காவை வடித்தார் என்பது ஒன்று. வில்லியம் பொக்லியோப்கின் என்ற ரஷ்ய எழுத்தாளர் பரப்பியது இன்னொன்று: 1970களின் இறுதியில் போலந்து ‘வோட்கா’ என்ற பெயருக்குச் சர்வதேச அளவில் வழக்குத் தொடுத்தது, 1982இல் தீர்ப்பு சோவியத் பக்கம் வந்தது என்கிறார் அவர். அப்படி ஒரு வழக்கு நடந்ததற்கான ஆவணம் எதையும் ஆய்வாளர்கள் கண்டதில்லை. தானியத்தை ஊறவைத்துக் காய்ச்சி வடிக்கும் கலை, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் மருத்துவர்களும் துறவிகளும் வணிகர்களும் போன வழியெல்லாம் பரவியது. அன்றைய எல்லைகள் இன்றைய எல்லைகளும் அல்ல. யார் முதல் என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலும், கிண்ணத்தில் இருப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சொல்லக்கூடியது மண். போலந்தின் பெரும்பகுதி பனியுகப் பனிப்பாறைகள் இழுத்து வந்து கொட்டிய மணல் கலந்த நிலம். கோதுமைக்கு அது போதாது. ‘ரை’ என்ற தானியம் அதில் தளராமல் விளையும், கடுங்குளிரையும் தாங்கும். போலந்து ஏழைகளின் கறுப்பு ரொட்டி ரையில் ஆனது, புளித்த சூப் ரையில் ஆனது, வோட்காவும் ரையில் ஆனது. வளமற்ற மண் கொடுத்த தானியம் அது. அந்தத் தானியத்துக்குத்தான் தனிக் குணம் அதிகம். ரையில் வடித்த ஸ்பிரிட்டில் ரொட்டியின் மேல்பொருக்கு மணமும் மிளகுபோன்ற ஒரு காரமும் தங்கிவிடுகின்றன. கோதுமை அப்படியல்ல, மென்மையாக, இலேசான சோம்பு வாசனையோடு இறங்கும்.

வோட்கா என்றாலே உருளைக்கிழங்கு என்று பலர் நினைக்கிறார்கள். போலந்திலேயே அது சிறுபான்மை. 18ஆம் நூற்றாண்டில் பரவலாகப் பயிராகத் தொடங்கிய கிழங்கு, 19ஆம் நூற்றாண்டில் வடிசாலைகளை நிரப்பியது. மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்ததுதான் காரணம். இன்று கணக்கு தலைகீழாகிவிட்டது. கிழங்கின் எடையில் மாவுச்சத்து 15 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும்; தானியத்தில் சுமார் 60. அதே அளவு ஆல்கஹாலுக்குக் கிழங்கு மூன்று, நான்கு மடங்கு வேண்டும். அறுவடைக்குப் பின் நெடுநாள் வைக்கவும் முடியாது, அழுகிவிடும். ஆனாலும் 1928இல் தொடங்கிய ‘லுக்சுசோவா’, 1990களில் வந்த ‘ஷோபன்’ போன்ற சில பெயர்கள் கிழங்கை விடவில்லை. காரணம், வாயில் அது உட்காரும் விதம். கிழங்கு வோட்கா கனமானது. பாலாடைபோல நாக்கில் படியும். ரையின் கூர்மை அதில் கிடையாது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சொல்லியாக வேண்டும். போலந்தில் வோட்கா இரண்டு கட்டமாக உருவாகும். கிராமத்து வடிசாலை, அவர்கள் மொழியில் ‘கொஜெல்னியா’, தானியத்தை வேகவைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் சேர்த்து ஊறல் போட்டு, 90 விழுக்காட்டை ஒட்டிய கச்சா ஸ்பிரிட்டாக வடிக்கும். அதை வாங்கும் ஆலை, உயர்ந்த வடிகோபுரங்களில் மறுபடி வடித்து 96 விழுக்காட்டுக்கு ஏற்றும். பிறகு தண்ணீர் கலந்து 40க்கு இறக்கி, வடிகட்டிப் புட்டியில் அடைப்பார்கள். 96 விழுக்காடு தூய்மையான ஒன்றில் ரையாவது, கிழங்காவது, என்ன மிஞ்சும் என்று கேட்டால், மிகக் கொஞ்சம்தான். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் எண்ணக்கூடிய எஸ்டர்கள், ஆல்டிஹைடுகள், கொழுப்பு அமிலங்களின் சுவடுகள். ஆனால் நம் மூக்கு அதற்கும் குறைவான அளவுகளை அறியும். பூட்டிய அறையில் ஒரே ஒரு மல்லிகைப்பூ இருந்தாலும் தெரியாமல் போகுமா?

அந்தச் சுவட்டை வைத்துக்கொள்வதா துடைத்தெறிவதா என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

ரஷ்யா துடைக்கும் வழியை நுட்பமாக வளர்த்தது. கரி அசுத்தங்களை உறிஞ்சும் என்பதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியலாளர் தோபியாஸ் லோவிட்ஸ் கண்டறிந்தார். பிர்ச் மரக் கரியில் வடிகட்டுவது அந்நாட்டு வோட்காவின் அடையாளமானது. பழைய ரஷ்யா குடித்ததும் ரை ஸ்பிரிட்தான், ‘ரொட்டி மது’ என்று அதற்குப் பெயர். 1890களில் செர்கெய் விட்டே நிதியமைச்சராக இருந்தபோது அரசு வோட்கா விற்பனையைத் தன் ஏகபோகமாக்கியது; அதோடு வடிகோபுரத்தில் எடுத்த தூய ஸ்பிரிட்டே நாட்டின் தரமானது, மணமுள்ள பழைய மது மறைந்தது. 40 விழுக்காட்டை ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் கண்டுபிடித்தார் என்ற கதையையும் நம்ப வேண்டாம். ஆல்கஹாலும் தண்ணீரும் கலப்பது பற்றிய அவர் ஆய்வேடு 1865இல் வந்தது. ரஷ்ய அரசு 40ஐ அளவாக வைத்தது 1843இல். அப்போது அவருக்கு ஒன்பது வயது. வரிக் கணக்கு எழுத வசதியான முழு எண் அது, அவ்வளவே.

சுவீடனும் பின்லாந்தும் மென்மையின் பக்கம். ‘அப்சொலூட்’ 1979இல் சந்தைக்கு வந்தது. தென் சுவீடனின் ஓஹுஸ் ஊரில் குளிர்காலக் கோதுமையில் வடிப்பது. ‘பின்லாந்தியா’ பார்லி. இரண்டும் நல்ல சரக்குகள்; ஆனால் தானியத்தைவிடத் தூய்மையையும் புட்டியின் அழகையும் முன்னிறுத்தி உலகை வென்றவை. 1997இல் வந்த பிரான்சின் ‘கிரே கூஸ்’, வோட்காவுக்கும் உயர்விலை கேட்கலாம் என்று காட்டியது.

ஆனால் உலகம் இன்று ‘வோட்கா’ என்று நினைப்பதை வார்த்தது அமெரிக்கா. அந்தக் கதையின் ஒரு முனை போலந்தில்தான் இருக்கிறது. ரஷ்யப் புரட்சிக்குப் பின் தப்பியோடிய விளாதிமிர் ஸ்மிர்னோவ், கான்ஸ்டான்டினோபிளில் தொடங்கிய வடிசாலையைப் பின்னர் லுவூவ் நகருக்குக் கொண்டுவந்தார். இன்று உக்ரைனின் லிவிவ் ஆன அது, அப்போது போலந்து நகரம். ‘ஸ்மிர்னோப்’ என்று எழுதப்பட்ட அவர் குடும்பப் பெயரின் அமெரிக்க உரிமை 1930களில் ருடால்ப் குனெட் என்பவர் கைக்குப் போய், 1939இல் ஹியூப்ளைன் நிறுவனத்துக்கு 14,000 டாலருக்கு விற்கப்பட்டது. வோட்காவே தெரியாத அமெரிக்கர்களுக்கு அதை எப்படி விற்றார்கள்? மணமில்லை, வாயில் வாடை வராது, எந்தப் பானத்தோடும் கலக்கலாம் என்று. இஞ்சிப் பானத்தில், தக்காளிச் சாற்றில், ஆரஞ்சுச் சாற்றில் அது கரைந்து மறைந்தது. 1949இல் அமெரிக்க அரசு விதியே எழுதிவிட்டது: தனித்த குணமோ மணமோ சுவையோ நிறமோ இல்லாத ஸ்பிரிட்தான் வோட்கா.

ஒரு பொருளை அதில் இல்லாதவற்றைக் கொண்டு வரையறுத்தால் மூலப்பொருளுக்கு மதிப்பு ஏது? மக்காச்சோளமா, திராட்சையா, கரும்பாலையின் கழிவுப்பாகா என்பது விலைப்பட்டியலைப் பொறுத்தது. இந்தியாவில் மதுவகைகள் பலவற்றுக்கு அடிப்படை கழிவுப்பாகுதான். அதில் வடித்த வோட்கா ஐரோப்பாவில் விற்பனைக்குப் போனால், ஐரோப்பிய விதிப்படி அதை லேபிளில் சொல்லியாக வேண்டும்.

போலந்து இந்த வெள்ளத்தில் ஒதுங்கி நின்றதற்கு அதன் வரலாறும் ஒரு காரணம். அந்த வரலாறு அழகானதல்ல. பழைய போலந்தில் மது வடிக்கவும் விற்கவும் உரிமை பிரபுக்களுக்கு மட்டுமே இருந்தது. ‘புரோபினாட்சியா’ என்று பெயர். க்தான்ஸ்க் துறைமுகம் வழியே போன தானிய ஏற்றுமதி தளர்ந்தபோது, விற்காத ரையை வோட்காவாக்கித் தங்கள் சொந்தக் குடியானவர்களிடமே விற்றார்கள். பக்கத்து ஊரில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. தன் பண்ணையாரின் சாராயக்கடையிலேயே குடிக்க வேண்டும். பல இடங்களில் இவ்வளவு வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. கடையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் பெரும்பாலும் யூதர்கள். லாபம் பிரபுவுக்குப் போக, குடியானவனின் கோபம் கடைக்காரர் மேல் விழுந்தது. போலந்து வோட்காவின் பெருமை பேசும் விளம்பரங்களில் இந்தப் பக்கம் வருவதில்லை. வர வேண்டும். ஒவ்வொரு பண்ணையிலும் வடிசாலை, ஒவ்வொரு பகுதிக்கும் தன் தானியம் என்ற அமைப்பு, கொடுமையான அந்த ஏற்பாட்டிலிருந்துதான் வந்தது.

1795இல் நாடே ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று பேரரசுகளால் பங்கிடப்பட்டு, 1918 வரை வரைபடத்தில் இல்லாமல் போனது. போலந்தின் பெரிய வோட்காப் பெயர்கள் பல, போலந்து என்ற நாடு இல்லாத காலத்தில் வளர்ந்தவை. 1782இல் தொடங்கிய பாச்செவ்ஸ்கி நிறுவனம் லுவூவில் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் புகழடைந்தது. 1939 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அதன் ஆலை அழிந்தது. பெயர் போருக்குப் பின் வியன்னாவில் பிழைத்தது. கம்யூனிச ஆட்சியில் எல்லா ஆலைகளும் ‘போல்மோஸ்’ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தன. 1982ஆம் ஆண்டுச் சட்டம் பகல் ஒரு மணிக்கு முன் மது விற்கத் தடைபோட்டது. கடை வாசல்களில் மக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்ற காலம் அது. ஆனால் அரசு ஏகபோகத்திலும் ரை ரையாகவே இருந்தது. கிராமத்து வடிசாலை, நகரத்து ஆலை என்ற சங்கிலியும் அறுபடவில்லை. 1989க்குப் பின் வெளிநாட்டுப் பணம் வந்தபோது, வாங்குவதற்கு ஒரு மரபு அங்கே உயிரோடு இருந்தது. ஜிரார்துவ் ஆலையில் 1993இல் பிறந்த ‘பெல்வெடேர்’ பின்னர் பிரான்சின் எல்விஎம்எச் குழுமத்துக்குப் போனாலும், தானியம் போலந்து ரைதான்.

நிறமற்ற வோட்காவைத் தாண்டியும் ஒரு உலகம் இருக்கிறது. ஓக் பீப்பாயில் பல்லாண்டு முதிரவிட்ட ரை மது ‘ஸ்டார்கா’. பிள்ளை பிறந்த அன்று பீப்பாயைப் புதைத்து, அந்தப் பிள்ளையின் திருமணத்தன்று தோண்டியெடுப்பது பழைய வழக்கம். தேனும் மசாலாவும் சேர்ந்த ‘குருப்னிக்’ குளிர்காலத்துக்கு. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ‘ஜுப்ரூவ்கா’. பியாவோவியெஜா காட்டில் ஐரோப்பியக் காட்டெருமைகள் மேயும் வெளிகளில் வளரும் நறும்புல்லை ஊறவைத்து எடுப்பது. ஒவ்வொரு புட்டிக்குள்ளும் ஒரு புல்லிதழ் நிற்கும். இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறம். புதிதாக அறுத்த வைக்கோலும் வனிலாவும் பாதாமும் சேர்ந்த மணம். அந்த மணத்தைத் தருவது கூமரின் என்ற வேதிப்பொருள். உணவில் கூமரின் சேர்க்க 1954 முதலே தடை இருந்த அமெரிக்கா, 1978இல் ஜுப்ரூவ்காவையும் தடுத்தது. நம் பிரியாணிக்குக் கடையில் வாங்கும் பட்டை பெரும்பாலும் கேசியா வகை. அதிலும் இதே கூமரின் உண்டு. இலங்கைக் கறுவாவில் அது மிகமிகக் குறைவு.

2007இல் தோற்ற போலந்து, தன் எல்லைக்குள் செய்ய முடிந்ததைச் செய்தது. 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ‘போலந்து வோட்கா’ என்ற புவிசார் பெயரைத் தாங்க வேண்டுமானால் மூலப்பொருள் ரை, கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரையும் கோதுமையும் கலந்த டிரிடிகேல், உருளைக்கிழங்கு ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அது போலந்து மண்ணில் விளைந்திருக்க வேண்டும். வடிப்பும் அங்கேயே நடக்க வேண்டும். உலகத்தின் வோட்கா எதுவாகவும் இருக்கட்டும், எங்களுடையது இது என்று கோடு போட்டார்கள். காஞ்சிபுரம் பட்டுக்கும் திருநெல்வேலி அல்வாவுக்கும் பெயர் உரிமை கேட்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த மனநிலை எளிதில் விளங்கும்.

சுவை பேதம் உண்மையா என்று சோதிப்பவர்கள் வோட்காவை உறையும் குளிரில் குடிக்கக் கூடாது. போலந்து விருந்துகளில் அப்படித்தான் கொடுப்பார்கள். ஊறுகாய் வெள்ளரியும் ஹெர்ரிங் மீனும் பக்கத்தில் இருக்கும், ஒரே மடக்கு. குளிர் குறைகளை மறைக்கும், மணத்தையும் சேர்த்து மறைக்கும். அறை வெப்பத்தில், சிறு கிண்ணங்களில் ரை, கிழங்கு, கோதுமை மூன்றையும் வரிசையாக வைத்து முகர்ந்து பார்த்தாலே போதும். விழுங்க வேண்டிய அவசியமில்லை.

இதைவிடக் கடினமான சோதனையை 2017இல் பெல்வெடேர் செய்தது. ஒரே ரக ரை: டாங்கோவ்ஸ்கி டயமண்ட். இரண்டு பண்ணைகள். ஒன்று மேற்கே ஸ்மொகூரி காட்டருகே, மிதமான தட்பவெப்பம். மற்றொன்று வடக்கே பார்டென்ஜெக் ஏரிக்கரையில், நீண்ட பனிக்காலம். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வடித்துத் தனித்தனிப் புட்டிகளில் விற்றார்கள். காட்டுப்பக்கத்து வோட்காவில் உப்பிட்ட கேரமலின் இனிப்பும், ஏரிக்கரையினதில் வறுத்த பருப்பும் கருமிளகும் மேலெழுகின்றன என்று லேபிள்கள் சொல்லின. அமெரிக்கக் கடைகளில் அந்தப் புட்டிகள் நின்றபோது, தனித்த குணமோ மணமோ சுவையோ இல்லாததுதான் வோட்கா என்ற 1949ஆம் ஆண்டு விதி அங்கே இன்னும் நடைமுறையில் இருந்தது. அந்த வரியை அமெரிக்க அரசு 2020இல் நீக்கியது.